குருசுமுத்து கைவிட்ட யூஎஸ்பி

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் தமிழர் வீடுகளில் கணினி படுத்துக்கொண்டால் முதலில் கூப்பிடுவது குருசுமுத்துவைத்தான். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஆட்கள் வேண்டாமென்று கழித்த பழைய கணினிகளைக் காரில் ஏற்றிவந்து, கழற்றிப் பூட்டித் தானாகவே பழகியவர். திருத்திய பெட்டிகளைத் தெரிந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார். சுசீலாதேவி வீட்டில் இருந்ததும் அவர் கொடுத்த பெட்டிதான்.

சுசீலாதேவி மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். தவக்காலம் வந்தால், யேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் பசான் பாட்டுக்கு அவரை விட்டால் ஆளில்லை. அவர் குரலெடுத்தால் கோயிலின் கடைசி வாங்கில் இருந்து குசுகுசுப்பவர்களும் வாயை மூடிவிடுவார்கள். ஒரு பெரிய வெள்ளியன்று, பாட்டுக் கேட்க வந்திருந்த ரகுராம் என்ற தமிழ்நாட்டு இஞ்சினியர் முழுவதையும் தன் புது லேப்டாப்பில் பதிவுசெய்து, ஒரு யூஎஸ்பியில் போட்டுக் கொடுத்தான். சுசீலாதேவி அதை வாங்கி அலுமாரியில் வைத்தார். தன் பாட்டைத் தானே கேட்க என்ன அவசரம் என்று இருந்துவிட்டார்.

அந்தக் கோடையில் தொண்டையில் கட்டி என்று வெட்டினார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. பேச்சு மட்டும் கரகரவென்று மிஞ்சியது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் யூஎஸ்பியைச் செருகியபோது, ‘இது ஃபோர்மட் செய்யப்படவில்லை, செய்யவா?’ என்று கணினி டேனிஷில் கேட்டது. பயந்துபோய் எந்தப் பொத்தானையும் அமத்தாமல் குருசுமுத்துவைக் கூப்பிட்டார்.

அவரும் தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தார். முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினார். துணியால் துடைத்தார். கணினியை நிறுத்தி மறுபடி போட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன்னிடமிருந்த மற்றப் பெட்டிகளிலும் செருகிப் பார்த்தார். எல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டன. ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று தெரிந்ததால், கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றே அமத்தினார். அந்தளவுக்குக் கவனமாகத்தான் இருந்தார்.

“இது செத்துப்போச்சு தங்கச்சி,” என்றார். “இனி ஒண்டும் செய்யேலாது.”

“வேற ஆரிட்டையும் காட்டிப் பாக்கட்டே அண்ணை?”

“காட்டினாலும் இதைத்தான் சொல்லுவினம்.”

சுசீலாதேவி வேறு ஆரிடமும் காட்டவில்லை. கொஞ்ச நாளில் பழைய பற்றரிகளோடு அதையும் கழிவு நிலையத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

ஓகுஸ் நகரத்திலிருந்து லீவுக்கு வந்த குருசுமுத்துவின் மகள் றொஷானி ஒருநாள் தன் புது யூஎஸ்பியை அவருடைய கணினியில் செருகினாள். அதே கேள்வி திரையில் வந்தது.

“உன்ரயும் செத்துப்போச்சு,” என்றார் குருசுமுத்து.

மகள் சிரித்துக்கொண்டு டேனிஷில் சொன்னாள்: யூஎஸ்பிக்கு ஒன்றுமில்லை, இப்போதைய கணினிகள் எழுதும் முறை வேறு, உங்களுடைய கிழட்டுப் பெட்டிக்கு அதை வாசிக்கத் தெரியாது. தன் லேப்டாப்பில் செருகிக் காட்டினாள். உடனே திறந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுசீலாதேவியின் யூஎஸ்பியைச் செருகும்போதெல்லாம் ‘டுங்’ என்று சத்தம் கேட்டது. கணினி அதை அடையாளம் கண்டு, ‘E:’ என்று ஓர் எழுத்தும் கொடுத்தது. செத்த சாமானுக்கு அதெல்லாம் ஏன் வரப்போகிறது? அதை அவர் யோசிக்கவே இல்லை. அவர் செருகிப் பார்த்த பெட்டிகள் எல்லாம் ஒரே காலத்துப் பெட்டிகள்.

பாட்டு இன்னும் லேப்டாப்பில் இருக்கிறதா என்று கேட்க ரகுராமுக்குப் போன் போட்டார்.

“அந்த லேப்டாப் கம்பெனியோடது அண்ணா. வேலை மாறும்போது திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்க. ஏன், அக்காகிட்ட பென் டிரைவ் இருக்குமே?”

“இருந்தது தம்பி,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

சொல்வதா விடுவதா என்று பல நாள் மனதுக்குள் அரித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுசீலாதேவியின் வீட்டுக்கே போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

சுசீலாதேவி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அதுக்குள்ள இருந்திருக்கு.”

“ஓம்.”

“நல்லா இருந்ததையே நான் எறிஞ்சனான்?”

“நான் சொன்னதாலதானே எறிஞ்சனீங்கள். பிழை என்ர.”

“பழுதாப் போச்சு எண்டு மனசை ஆத்தி வைச்சிருந்தன் அண்ணை.” கோப்பையை மேசையில் வைத்தார். “நீங்கள் இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.”

குருசுமுத்து மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். தன் பாரத்தை இறக்க வந்து அதைச் சுசீலாதேவியின் தலையில் வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கியது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து காரை எடுத்தார்.

சனம் இன்றைக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறது. அவரும் போகிறார், ஆனால் முடிவாக ஒன்றும் சொல்வதில்லை. புதுக் கணினி உள்ள ஆரிடமாவது காட்டிப் பாருங்கோ என்பார். மாசியில் சுசீலாதேவியும் பிறிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார். போய், சிக்கியிருந்த தாளை இழுத்தெடுத்துச் சரிசெய்து கொடுத்தார். றோட்டில் வழுக்குகிற பனியைப் பற்றி இருவரும் கொஞ்சம் கதைத்தார்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று சுசீலாதேவி கேட்கவில்லை, அவரும் உட்காரவில்லை.