எதிர்காற்றும் பின்னால் வந்த வேனும்

எங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நானும் என் நாத்தனாரும்தான். சின்னமனூரிலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போய், ஒரு குழுவோடு சைக்கிளில் சுற்றப்போகிறோம் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முடியாதவர்கள் ஏறிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வரும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வேன் பேச்சுதான். ஏசி உண்டா, ஜன்னலோர சீட் கிடைக்குமா என்று கேட்டே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன ஆனாலும் அந்த வேனில் கால் வைப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

பயணத்தின் கடைசி நாள். ஜெய்சல்மர் போய்ச் சேர்ந்தால் தீர்ந்தது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. உச்சிப்பொழுதுக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது பாருங்கள், பல்லுக்குள் மணல். மிதித்தால் நகர்வேனா என்றது வண்டி. சென்னை, கோவை ஆட்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். நாங்கள் இருவர்தான் மிச்சம். இருட்டுவதற்குள் ஊர் போகவேண்டும், ஏறிவிடுங்கள் என்றார் வேனோடு வந்தவர். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இனி மிதிக்கத் தெம்பில்லை. எனக்கும்தான், சொல்லவில்லை.

சாலையோரம் ஒரு வன்னி மரம். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுச் சொல்கிறோம் என்று அதன் நிழலில் சாய்ந்தோம். தூரத்தில், நாங்கள் போகவேண்டிய திசையில், வரிசையாகக் காற்றாலைகள். ஆண்டிபட்டிப் பக்கம் பார்த்துப் பழகியவைதான். ஆடிக் காற்றில் அங்கே போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது மென்னியைப் பிடிக்கும். காற்றாலை எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். அது எங்களுக்கு முதுகு காட்டினால் எதிர்காற்று என்று அர்த்தம். அன்று மதியம் முழுக்க முதுகுதான் காட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாத்தனார் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மதினி, அங்கன பாருங்க. கடைசியில நிக்கிறது திரும்புது."

ஆமாம். ஒன்று மெல்லத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது. பிறகு அடுத்தது. காற்று திசை மாறுகிறது. அவளே முதலில் எழுந்து வண்டியைப் பிடித்தாள். பக்கக் காற்றும் லேசுப்பட்டதல்ல, ஆனால் அது நம் ஊர்க் காற்று மாதிரி, கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் விட்டுவிடும். ஆளுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் போய் மாற்றி மாற்றி மிதித்தோம். வேன் எங்கள் வேகத்துக்கு ஊர்ந்தது. பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டு எங்களுக்கு வழி காட்டியது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே கைகளை நீட்டித் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். ஜெய்சல்மர் கோட்டையின் விளக்குகள் தெரிந்தபோது, பெருமையில் அழுதுவிட்டேன்.

விடுதி வாசலில் சைக்கிளை விட்டு இறங்கவும் வீட்டுக்காரர் போன் செய்யவும் சரியாக இருந்தது. டீக்கடையில் நிற்கிறார், கூட்டாளிகள் சத்தம் கேட்கிறது.

"ரெண்டு பேரும் எங்கன வேன்ல ஏறுனீக?"

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நாங்க ஏறலை. வேன்தான் எங்க பின்னாடி வந்துச்சு."

அவர் பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்வது கேட்டது. "ஏறலையாம்யா. ரெண்டு பேருமே ஏறலையாம்."

நான் போனை வாங்கி, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை உரக்கச் சொல்லுங்கள் என்றேன்.