சிக்பேட்டையில் நான் நிதானமாக இருந்த நாள்

என் மனைவியின் அண்ணன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறார், அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்ற செய்தி காலை பதினொரு மணிக்கு எனக்கு வந்தது. அதை அவளிடம் சொல்லாமல் அன்று மாலை வரை அவளோடு தீபாவளித் துணி வாங்கினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் பெங்களூரில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலையில் இருந்தேன். வீடு அல்சூரில். எங்கள் ஒரே பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்திருந்தது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவருடைய பெற்றோரும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பண்டிகைக்கு நான்கு நாள் இருந்தது. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. வீட்டு எண் கிடைக்காததால் குடியாத்தத்திலிருந்து மைத்துனரின் மகன் அங்கே பேசினான்.

"மாமா, அப்பாவுக்கு விடியக்காலையில நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். டாக்டர் ஒண்ணும் தெளிவா சொல்ல மாட்டேங்கறாரு. அப்பா அத்தையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. மத்தியான வண்டியில அனுப்பிடுங்க. நான் ஸ்டேஷன்ல நிக்கறேன்."

"சரிப்பா, கிளம்பி வருவா" என்றேன்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் மனம் வேறு கணக்குப் போட்டது. நெஞ்சு வலி வந்தவர்கள் எத்தனையோ பேர் பிழைத்து எழுகிறார்கள். ராத்திரி பஸ்ஸில் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? இன்று விட்டால் துணி எடுக்க வேறு நாள் இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் குறை வரக்கூடாது. இவை எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணம் இன்னும் அற்பமானது. அவள் ஊருக்குப் போய்விட்டால் அந்தக் கூட்டத்துக்குள் நான் தனியாகப் போய்ப் பட்டுப்புடவை பார்க்க வேண்டும். கடைக் கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. முந்தின வருஷம் ஒரு கடை வாசலில் ஒருவரோடு கைகலப்பு வரை போனவன் நான்.

ஒரு மணிக்குச் சிக்பேட்டையில் இறங்கினோம். சந்து முழுக்கத் தலைகள். கை வண்டிக்காரர்கள் "ஸ்வல்ப ஜருகி", கொஞ்சம் நகருங்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே முதுகில் இடித்தார்கள். மழை வரப்போகிற மாதிரி வானம் கறுத்து, பகலிலேயே கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். அன்று நான் யார்மேலும் எரிந்து விழவில்லை. ஒரு அம்மாள் என் காலை மிதித்தபோது, "பரவாயில்லைம்மா, பாத்துப் போங்க" என்றேன். கடைக்காரர் இருபது புடவை விரித்தபின் என் மனைவி மறுபடி முதல் புடவையைக் கேட்டாள். நான் பக்கத்தில் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு சரியாத்தானே இருக்கு?"

"ஏன்?"

"இல்ல, இவ்வளவு நேரத்துக்கு மூணு சண்டையாவது போட்டிருப்பீங்க. ஏதாவது தப்புத்தண்டா பண்ணிட்டீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினா எல்லாருக்கும் பொறுமை வந்துடும் அம்மா" என்றார். நானும் சிரித்தேன்.

உள்ளே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மத்தியான வண்டி புறப்பட்டிருக்கும். இப்போது பங்காருப்பேட்டை தாண்டியிருக்கும். பதறினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் மூச்சைக்கூட அளந்து விட்டேன். அன்று மாதிரி அமைதியாக நான் என் வாழ்நாளில் ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசியாக அவள் வேட்டிப் பக்கம் போனாள். "வருஷா வருஷம் அண்ணன்தான் அனுப்பறாரு. இந்தத் தடவை வரவழைச்சு நம்ம கையால குடுக்கணும். இந்தக் கரை அவருக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றேன். அந்த நிமிஷம்கூடச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்தேன். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றான் பையன். அவளிடம், அண்ணனுக்குத் திடீரென்று முடியவில்லையாம் என்று அப்போதுதான் கேள்விப்பட்டவன் போலச் சொன்னேன். வாடகைக் காரில் போனோம். வழியெல்லாம் அவள் சாமியை வேண்டிக்கொண்டே வந்தாள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு கோழையின் தவறு என்று சொல்லலாம். பிணத்தை எடுத்த பிறகு பையன் என்னைத் தனியே அழைத்து, "ஏன் மாமா அத்தை வரல? சாயங்காலம் வரைக்கும் அப்பா வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு" என்றான்.

"உங்க அத்தைக்குக் கடை வேலை முடியலப்பா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் நான் செய்த பெரிய பாவம். அதை அவன் தன் தாயிடம் சொல்லியிருக்கிறான். காரியத்தன்று அண்ணி என் மனைவியிடம், "வாங்கின துணியெல்லாம் நல்லா அமைஞ்சுதா?" என்று கேட்டார். இவள் கபடமில்லாமல் சம்பந்தியம்மாள் புடவையின் நிறத்தைச் சொன்னாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பந்தலுக்கு அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை வரவில்லை. இவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. "நான் என்ன தப்புங்க பண்ணேன்?" என்று என்னிடம்தான் கேட்பாள். "துக்கத்துல இருக்காங்க, போகப் போகச் சரியாயிடும்" என்று நானே ஆறுதலும் சொன்னேன். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வாரம் கழித்து, எங்கள் பக்கத்து மர்பி டவுனில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் மூலம்தான் அவளுக்குத் தெரிந்தது. கூடப்பிறந்தவர் மகன் கல்யாணம். அத்தைக்குப் பத்திரிகை இல்லை. அன்று அவள் அழவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்ததுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஒரு வேலை என்று பொய் சொல்லிவிட்டுக் குடியாத்தத்துக்கு ரயில் ஏறினேன். அண்ணியையும் பையனையும் உட்கார வைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவளுக்குச் செய்தியே தெரியாது, நான்தான் சொல்லவில்லை, பிறகு பழியையும் அவள்மேல் போட்டேன் என்றேன்.

அன்று ஸ்டேஷனில் நின்ற பையன்தான் முதலில் பேசினான். "ரெண்டு வண்டி பாத்தேன் மாமா. ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்தேன்" என்றான்.

அண்ணி, "இத அவகிட்ட சொல்லிட்டீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"இல்ல. முதல்ல உங்க மனசு சரியாகட்டும், அப்புறம் பக்குவமா சொல்லலாம்னு..."

"இப்பவும் பக்குவம்தானா?" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வீடு திரும்புவதற்குள் அண்ணி தொலைபேசியில் அவளோடு பேசிவிட்டிருந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. என் மனைவி பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு எத்தனை மணிக்குச் சொன்னாங்க?"

"பதினொண்ணு."

"நாம கடைக்குப் போனது?"

"ஒரு மணி."

அவள் விரல்களை மடக்கி ஏதோ எண்ணினாள். எந்த வண்டி, எத்தனை மணி நேரம் என்று எண்ணியிருப்பாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

ஒரு மாதம் கழித்து மகள் குடியாத்தம் போய் அவளை அழைத்து வந்தாள். சமைக்கிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள், பேரன் வந்தால் சிரிக்கிறாள். அண்ணியும் அவளும் இப்போது சொந்தச் சகோதரிகள் மாதிரி. என்னைப் பற்றி அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியாது. ஒருநாள் மனசு தாங்காமல் அவளிடம், என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "கேக்காதீங்க" என்றாள். "கேட்டா நான் பதில் சொல்லணும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.