நான் பார்க்காத என் விளம்பரம்

சுனாமிக்குப் பயந்து அந்தமான் பக்கம் தலைவைக்காமல் இருந்தவர்கள் மெல்லத் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பகுதியில், வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டேன். ஹேவ்லாக் தீவில் தங்க அறை, போய்வர போட் டிக்கெட், இரண்டையும் ஏற்பாடு செய்து தருவது தொழில். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"சீசன் முடியறதுக்குள்ள ஒரு பார்ட்டியாவது வரலன்னா இத பந்த் பண்ணிட்டு மறுபடி ஸ்கூலுக்குப் போயிடு" என்றார். பள்ளி மேடமும் என் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். எனக்கோ கரும்பலகையை நினைத்தாலே எரிச்சல்.

சென்னையிலிருந்து ஓர் இணைய டைரக்டரிக்காரர் போன் செய்தார். பணம் கட்டினால், அந்தமான் என்று தேடுகிறவர்களுக்கு என் பெயர் முதலில் வருமாம். கட்டினேன். படம் கேட்டார். "இங்கேர்ந்து படம் ஏறாது, நீங்களே நல்லதா ஒண்ணு போடுங்க" என்றேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

நெட் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அப்போது எங்கள் தீவில் நெட் அவ்வளவு மந்தம்; எழுத்து வரும், படம் வராது. அதன் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் நிற்கும். எங்களுக்கு அது பழகிப்போனது. பெயர் சரி, நம்பர் சரி என்று திருப்தியாக எழுந்து வந்தேன்.

ஒரே மாதத்தில் சேலத்திலிருந்து ஒரு குடும்பம், கணவன், மனைவி, மகள். விமான நிலையத்தில் கணவர் என் விளம்பரத்தைக் கலர் பிரிண்டாக நீட்டினார். நடுக்கடலில் கால் ஊன்றி நிற்கும் மர மாளிகைகள்! எந்த நாட்டுக் கடலோ. நான் ஹேவ்லாக்கில் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்ததோ மூங்கில் குடிசை.

ஒதுங்கிப் போய் டைரக்டரிக்காரரைக் கூப்பிட்டேன். "எல்லாருக்கும் அந்தப் படம்தான் மேடம் போடறோம். அந்த ரூமெல்லாம் ஃபுல்லுன்னு சொல்லிடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் முதல் பார்ட்டியோடு தொழிலும் போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிக் கடை நடத்துவதற்குக் கரும்பலகையே மேல்.

"சார், இது எங்க ஊரே இல்ல. என் விளம்பரத்த நானே இப்பதான் பாக்கறேன். இங்க நெட்ல படம் தொறக்காது. வேணாம்னா அட்வான்ஸத் திருப்பித் தந்துடறேன்."

அவர் முகம் கடுகடுத்தது. மனைவிதான் சிரித்துவிட்டார்.

"பணமும் கட்டிட்டு, பாக்காமயும் இருந்திருக்காங்க. ஏமாத்தறவங்க இவ்ளோ அசடா இருக்க மாட்டாங்க. வாங்க, போலாம்."

அசடு என்றதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ஆனால் அன்று அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று நாள் குடிசையில் இருந்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இளநீர் குடிப்பதை மகள் படமெடுத்தாள். ஊருக்குப் போனதும் அதை டைரக்டரிக்கு அனுப்பச் சொன்னேன்; அனுப்பினாள்.

"இந்தப் படம் போட்டா போன் கால் கொறஞ்சுடும் மேடம்" என்று புலம்பினார் டைரக்டரிக்காரர்.

"கொறையட்டும்."

குறையத்தான் செய்தது. இரண்டு வாரம் போன் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை மதுரையிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"படத்துல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, அந்தக் குடிசை கெடைக்குமாங்க?"

"கெடைக்கும்" என்றேன், உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி. பேசி முடித்த கையோடு பள்ளி மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், என் இடத்துக்கு வேற ஆள் போட்டுக்கோங்க."