முட்டையில் சாளை வாடை

கர்ப்பிணியான மருமகளுக்கென்றே வீட்டில் கோழி வளர்க்கிறேன். ஒருநாள் முட்டையைத் தள்ளிவைத்தவள், "மீன் நாத்தம் அடிக்கு மாமி" என்றாள். தினமும் மீன் தின்கிற எங்களுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. மசக்கை என்றே நினைத்தோம். நாளாக ஆக, முட்டையைக் கண்டாலே குமட்டினாள். வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பயந்துபோனேன்.

ஒரு காலையில் முற்றத்தில் சாளை மீன் கழுவி, தலையையும் குடலையும் வழக்கம்போலக் கோழிகளுக்கு எறிந்தேன். அவை அடித்துப்பிடித்துத் தின்றதைப் பார்த்ததும் பொறி தட்டியது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத் தவிடும் கீரையும்தான். அங்கே முட்டை வாங்கிப் பொரித்துக் கொடுத்தேன்.

"இதுல நாத்தமே இல்ல மாமி. இன்னும் ஒண்ணு தாருங்க."

போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது மீன் கழிவெல்லாம் தென்னை மூட்டுக்கு உரம்தான். சாளை கழுவும்போது கோழிகள் சுற்றி நின்று என்னை முறைக்கின்றன. முறைக்கட்டும், மருமகள் சாப்பிடுகிறாளே!