வெண்கலக் கை

லண்டன் வெம்பிளியில் பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருந்த கனகாம்பிகை, 2004இல் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவை விட்டு வெளியேறினாள். அங்கு குடியேறிய ஊரவர்களின் சங்கத்துக்குத் தலைவரான அவர், "அவளுக்கு மூளை பிசகிப் போச்சு" என்று சொல்லித் திரிந்தார். அவர் அவள் கழுத்தை நெரித்ததைச் சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை.

பக்கத்து வீட்டு ஈரானியச் சிற்பி மஹ்நாஸ் நம்பினாள். மனப் போராட்டங்களையும் ஊர் மெச்சும் மானத்தையும் சிலைகளாக வடிப்பவள் அவள். கனகாம்பிகையை முன்னால் இருத்தி, தன் கழுத்தைத் தானே நெரிக்கும் ஒரு பெண்ணைக் களிமண்ணில் பிசைந்தாள்.

"அது என்ரை கை இல்லை," என்றாள் கனகாம்பிகை. "அவரின்ரை கையை வையுங்கோ. அவர் எப்பவும் போடுற நவரத்தின மோதிரமும் வேணும்."

சிலை வெண்கலமானதும், கண்காட்சித் திறப்புக்குச் சங்கத்தார் எல்லோரையும் அவளே அழைத்தாள். தலைவர் என்ற முறையில் அவரும் வந்தார். பெண்கள் சிலையின் கையைப் பார்த்தார்கள். பிறகு அவர் விரலில் இருந்த அதே மோதிரத்தைப் பார்த்தார்கள். அவர் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்தார்.

"உந்தச் சிலையை எடுக்கச் சொல்லு. என்ரை மானம் போகுது," என்று கனகாம்பிகையிடம் சீறினார்.

"ஏலாது. கண்காட்சி முடியுமட்டும் இஞ்சைதான் நிக்கும். நானும் ஒவ்வொரு நாளும் வருவன்."

அடுத்த பொங்கல் விழாவில் தலைவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கனகாம்பிகை முன்வரிசையில் இருந்து கைதட்டினாள். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை; அவள் வாயால் சொன்னபோது நம்பாதவர்கள் வெண்கலத்தைப் பார்த்துத்தானே நம்பினார்கள்.