வான் கதவுக்கு ஒரு பெயர்

நகரின் ஒரு அந்தத்தில், டண்டினொங்கில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பழைய ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத் தகடு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டின் அகலம், கறுப்பில் மஞ்சள் எழுத்து. சாமான் ஏற்றும் வான் கதவில் கடையின் பெயரை ஒட்டுவார்களே, அந்த வகை. அதிலிருந்தது நான் வேலை பார்த்த அன்ரியின் சமையற்கூடத்தின் பெயர். மின்சாரக் கட்டணத்தையும் மகளின் பாடசாலைக் கடிதங்களையும் பல வருடங்கள் அது தாங்கிப் பிடித்தது. எந்த வானிலும் அது ஒரு நாள்கூட ஓடியதில்லை.

அன்ரி எங்கள் ஆள் இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். அவருடைய இனத்தாரும் மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்றே கூப்பிடுவதால் நான் புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை. அவர் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிறகு தமிழ்நாட்டில் முகாம், மலேசியாவில் கோப்பை கழுவல், படகு, தடுப்பு முகாம், ஷெப்பர்டன் பக்கம் பழம் பிடுங்கல். எங்கும் அதிக நாள் நின்றவனல்ல. அன்ரி முதல் நாள் என்னிடம், "பாரம் தூக்குவியா? சிவப்பு லைற்றில நிப்பியா?" என்று மட்டும் கேட்டார். அங்கே நின்றுவிட்டேன்.

அவர் சமைப்பார், கூட இரண்டு பெண்கள். நான் வான் ஓட்டினேன். சிறிய கடைகளிடமும் பூர்வகுடியினரின் கடைகளிடமும் பொருள் வாங்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒன்று முடிவெடுத்தபோது, கூட்டங்களுக்கான மதியச் சாப்பாடு அன்ரிக்குக் கிடைத்தது. கங்காரு இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை'யும், காட்டு இலை போட்ட பிஸ்கட்டும். "நீயும் கறுப்புத்தான், ஆனா இந்தத் திட்டத்தில உனக்கு இடமில்லை. பேசாமல் பெட்டியைத் தூக்கு" என்று சிரிப்பார். பல்கலைக்கழகத்தின் கொள்முதல் அதிகாரி திருச்சிக்காரர். என்னைவிட இளையவர்; நல்ல மனிதர். பெட்டிகளை இறக்கும்போது தானும் ஒரு பக்கம் பிடிப்பார்.

பிறகு எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். அந்த அளவுக்கு அன்ரியின் அடுப்புகள் போதாது. பல்கலைக்கழக வேலை கைவிட்டுப் போனால் சமையற்கூடத்தையும் எங்கள் மூவரின் வேலையையும் வைத்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் மேலாளரை அழைத்துக்கொண்டு அதிகாரி வந்தார். மேலாளர் மேசையில் அன்ரியின் சமையற்கூடப் பெயர் அச்சடித்த புத்தம்புதுக் காந்தத் தகடுகளை அடுக்கினார். சமைப்பதும் கொண்டுபோவதும் தங்கள் பாடு. வான்களில் அன்ரியின் பெயர் இருந்தால் போதும். மாதாமாதம் பங்கு வரும் என்றார். அவர் போனபின் அதிகாரி என்னை வெளியே அழைத்தார்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு கையெழுத்துதான். அவங்களுக்கும் வருமானம், எங்க திட்டத்துலயும் பூர்வகுடிக் கடைன்னு கணக்குல சேர்த்துக்கலாம்."

"நான் சொல்லி அவ கேட்டதை நீர் எப்ப தம்பி கண்டனீர்?" என்றேன். ஆனாலும் போய்ச் சொன்னேன். வேலை எனக்கும் வேண்டியிருந்தது.

அன்ரி மாவு பிசைந்துகொண்டிருந்தார். "ஆர் சமைக்கிறது?"

"அந்தக் கொம்பனி ஆக்கள்."

"ஆர் ஓடுறது?"

"அவைதான்."

"அப்ப நீ?"

அவர் கையைத் துடைத்துவிட்டு ஒரு தகட்டை எடுத்து, தன் ஏப்ரனில் நெஞ்சுக்கு நேரே அழுத்திப் பிடித்து, கையை எடுத்தார். அது தரையில் படீரென்று விழுந்தது. "பாத்தியா, என்னில ஒட்டேல்லை" என்று சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்பினார். வாசலில் நின்ற அதிகாரி அதைப் பார்த்தார். என்னிடம் வந்து, "ஒரே ஒப்பந்தம்னா எங்களுக்கு வேலை மிச்சம், அதான் அப்படிப் போட்டோம். கட்டடம் கட்டடமா பிரிக்க முடியுமான்னு பாக்குறேன்" என்றார்.

பார்த்தார். மேலிடத்தில் என்ன கேட்டார், எவ்வளவு மன்றாடினார் என்று எனக்குத் தெரியாது. நூலகக் கட்டடம் மட்டும் தனியாகப் பிரிந்து வந்தது. மற்றதெல்லாம் அந்தப் பெரிய நிறுவனத்துக்கே போயிற்று. வேறொரு பெயரை எங்கேயோ தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டார்கள். அன்ரியின் அடுப்பு அணையவில்லை. ஆனால் ஒரு பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள், எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைதான் மிஞ்சியது. மற்ற நாட்களுக்கு நகரின் மறு அந்தத்தில், ட்ருகனினாவில், கிடங்கு வேலை பிடித்தேன். கடைசியில் அதுவே முழு வேலையாயிற்று. அன்ரியிடம் சொல்லப் போன அன்று அவர் என்னைத் திட்டவுமில்லை, அழவுமில்லை. விழுந்த அந்தத் தகட்டை எடுத்துத் தந்து, "ஃபிரிட்ஜில போடு" என்றார். இப்போது நூலகத்துக்கு வான் ஓட்டுவது அவருடைய மருமகள்.

சென்ற மாதம் ட்ருகனினாவுக்கே குடிவந்துவிட்டோம். புது ஃபிரிட்ஜ், பளபளக்கும் எவர்சில்வர் கதவு. மகள் தகட்டை அதில் வைத்துக் கையை எடுத்தாள். டைல்ஸ் தரையில் அதே சத்தம்.

"இட் வோண்ட் ஸ்டிக், அப்பா."

"ஓம்" என்றேன். "தெரியும்."