முகைதீனின் ஒன்பது வரிச் சீட்டு

பம்பாய் தாராவியில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட முகைதீன், தாம் முழுதாகப் பார்க்காத படத்தை யாருக்கும் தரமாட்டார். பார்த்ததும் தீர்ப்பைத் தமிழில் எழுதிப் பெட்டியில் ஒட்டுவார். அவருடைய உச்சபட்சப் பாராட்டு, ‘பார்க்கலாம்’. தம் சொல்லை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பது அவர் பெருமை.

எண்பத்தெட்டில், இயந்திர மனிதர்கள் மோதும் ஆங்கிலப் படம் ஒன்று கேசட்டாக வந்தது. பக்கத்துச் சயான் பகுதித் தியேட்டரில் அதை ரசித்திருந்தவர், கேசட்டைப் போட்டுப் பார்த்துக் கொதித்துப்போனார். டிவிக்குப் பொருந்த வேண்டுமென்று படத்தின் இரு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். கதாநாயகன் குத்துகிறான், குத்து வாங்குபவனைக் காணோம். உலகம் அழியும் காட்சியின் குறுக்கே சோப்பு விளம்பரம் ஊர்ந்து போனது. ஒன்பது வரிகளில் திட்டி எழுதி ஒட்டினார்.

அந்த வாரம் அதிகம் வாடகைக்குப் போனது அந்த கேசட்தான். தோல்பைப் பட்டறையில் வேலை பார்த்த பூதத்தான் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

“என்ன பாய், பூரா பக்வாஸ், வெறும் குப்ப. இதுக்குப் போயி இவ்ளோ எழுதி ஒட்டியிருக்கிய?”

“எழுதினத வாசிச்சியாலே?”

“இங்கயே பொறந்து வளந்த எங்களுக்கு எங்க தமிழ் வாசிக்க வருது? மத்த படத்துக்கெல்லாம் ஒத்த வார்த்த. இதுக்கு மட்டும் இம்புட்டு எழுதுனா, நல்ல படம்னுதான எவனும் நெனப்பான்?”

முகைதீன் சீட்டைக் கிழித்து, கேசட்டை டிராயரில் வைத்துப் பூட்டினார். அலமாரியில் இன்னும் முந்நூறு சீட்டுகள் இருந்தன. அவற்றை யாராவது வாசித்ததுண்டா என்று பூதத்தானிடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.